ஸிக் கம்பைலர்: இரண்டு வருஷம் புழங்கிய பிறகு

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களைக் கண்காணிக்கும் பெட்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் பிழைப்பு. பெட்டிக்குள் ஒரு ஏஆர்எம் போர்டு, அதில் டெபியன் 10 என்ற பழைய லினக்ஸ். என் லேப்டாப்பில் அதைவிடப் புதிய லினக்ஸான உபுண்டு 22.04. இங்கே கம்பைல் பண்ணி (எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றி) அங்கே கொண்டுபோய் ஓட்டினால், ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி நூலகம்) 2.34 இல்லை என்று ஒரே வரியில் கையை விரித்துவிடும். டெபியன் 10-இல் இருப்பது 2.28. இதற்காகவே ஒரு பழைய டெபியனை டாக்கருக்குள் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு லினக்ஸைத் தனியாக ஓட்டும் கருவி) தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன்.

2023 கடைசியில் ஸிக் (Zig) என்ற புரோகிராமிங் மொழியின் பக்கம் போனதற்கும் இந்தத் தலைவலிக்கும் சம்பந்தமில்லை. புது மொழி மேல் ஆசை, அவ்வளவுதான். ஆண்ட்ரூ கெல்லி 2016-இல் அறிவித்த மொழி. இதை எழுதும்வரை 1.0 வரவில்லை. சாஃப்ட்வேர் நிறுவ உதவும் உபுண்டுவின் ஏபிடியில் தேடினேன், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை. அவர்கள் தளத்திலிருந்து 0.11-ஐ இறக்கினேன். 50 எம்பிக்கும் குறைவான ஒரு டார் கோப்பு. பிரித்துப் போட்டு, பாத்தில் சேர்த்தேன், ஓடியது. ஒரு கம்பைலர் இவ்வளவு சாதுவாக வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குள்ளேயே ஒரு சி கம்பைலரும் இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. 'ஸிக் சிசி' என்று கூப்பிட்டு, டார்கெட்டில் ஏஆர்எம் லினக்ஸ் என்று சொல்லி, அதன் வாலில் ஜிலிப்சி பதிப்பு 2.28 என்று எழுதினால் போதும். என் பழைய சி நிரலை அப்படியே கொடுத்தேன். பெட்டியில் போட்டேன், ஏற்றுக்கொண்டது. டாக்கரை அன்றைக்கே அழித்தேன்.

மறுநாள் அதே புரோகிராம் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்தது. கம்பைலரைத்தான் திட்டினேன். தேடிப் பார்த்தால் தப்பு என்னுடையது. மோட்பஸ்ஸில் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) வரும் பைட்டை 24 பிட் இடதுபக்கம் தள்ளும் ஒரு வரி. பைட்டின் மதிப்பு 127-ஐத் தாண்டினால் சி மொழியின் விதிப்படி அது செல்லாது. நான் அதுவரை பயன்படுத்திய சி கம்பைலரான ஜிசிசி வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டது. ஸிக் சிசி, டீபக் பில்டில் (பிழை தேடுவதற்காகக் கம்பைல் பண்ணும்போது) இந்தச் சோதனையைக் கேட்காமலே போட்டுவிடும், மீறினால் அங்கேயே நிறுத்திவிடும். அன்சைன்டாக (மைனஸ் இல்லாத எண்ணாக) மாற்றினேன், சரியாகிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே இறக்கலாம் என்பேன்.

மொழி எப்படி என்றால், கறார். பயன்படுத்தாத வேரியபிள் ஒன்று இருந்தால்கூட எரர். அவசரத்துக்கு ஒரு வரியை மறைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்றால், அந்த வரியை நம்பியிருந்த வேரியபிள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எரிச்சல்தான். பிழைகளைக் கையாளும் விதம் மட்டும் அருமை. எந்த ஃபங்ஷன் தோற்கக்கூடும் என்பது அதன் தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் பதிப்புக்குப் பதிப்பு மொழி மாறும். லாக் படிக்க 600 வரியில் ஒரு கருவி எழுதியிருந்தேன். 2024 ஏப்ரலில் 0.12 வந்தது, மாறாத மதிப்புக்கு 'வார்' (மாறக்கூடியது என்ற குறிப்பு) போட்டிருந்த இடமெல்லாம் எரர். உட்கார்ந்து 'கான்ஸ்ட்' ஆக்கினேன். இணையத்தில் கிடைக்கும் உதாரணம் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்க்காமல் ஒட்டினால் போச்சு. ஏஐயிடம் கேட்டாலும் மூன்று பதிப்புகளைக் கலந்து சாம்பாராக்கித் தரும். எடிட்டரில் பிழைகளைக் காட்டும் இஸட்எல்எஸ் என்ற கருவியும் கம்பைலரின் பதிப்போடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் நல்ல நிரலுக்கும் சிவப்புக் கோடு.

2025 ஆகஸ்டில் 0.15 வந்தபோது படிப்பது, எழுதுவது இரண்டையுமே மாற்றி அமைத்திருந்தார்கள். திரையில் ஒரு வரி அச்சிட நாமே பஃபர் (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) கொடுத்து, கடைசியில் ஃபிளஷ்ஷும் (சேர்ந்ததை வெளியே தள்ளுவது) பண்ண வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஆர்வமாக மாற்றிக்கொடுத்தான். எரர் இல்லை, ஓடியது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. "அண்ணா, லாக் ஃபைல்தான் காலியோ?" என்றான். அரை நாள் போனது, ஒரு ஃபிளஷ்ஷுக்காக.

ஸிக்கில் எழுதப்பட்ட டேட்டாபேஸான டைகர்பீட்டில் மாதிரிப் பெரிய புராஜெக்ட்களே தங்களுக்கு வேண்டிய பதிப்பை ஸ்கிரிப்டில் குறித்துவைத்துத்தான் இறக்குகிறார்கள். நானும் இப்போது அப்படித்தான். 0.11-இலிருந்து 0.15 வரை எல்லா டார் கோப்புகளும் ஆபீஸ் பென்டிரைவில் இருக்கின்றன. பெட்டிக்குப் போகும் சி நிரல் ஸிக் சிசியில். லாக் கருவி 0.14-இலேயே நிற்கிறது. தம்பி மாற்றிய 0.15 பிரதி தனிக் கிளையில் கிடக்கிறது; அடுத்த பதிப்பு வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.