பேட் மாற்றிய பிறகும் அணையாத பிரேக் லைட்: ஒரு வருட ஓட்டத்துக்கு அப்புறம்

பொள்ளாச்சிக்காரர்களின் காரில் பிரேக் பேட் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் சொந்தக்காரர்கள். யார் வந்தாலும் ஆழியாறு, குரங்கு அருவி, அப்படியே வால்பாறை என்று கிளம்பிவிடுகிறோம். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது செகண்ட் கியரில் விட்டாலும் பிரேக்குக்கு வேலை இருக்கத்தான் செய்யும். என்னுடையது ஐரோப்பியக் கம்பெனியின் டீசல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைப் பேட் இறுக்கிப் பிடிக்கும்), பின்னால் டிரம் பிரேக்.

போன வருடம் முன்பக்க பேட் மாற்றினேன். பிடிப்பு அருமை. ஆனால் மீட்டரில் ஒரு மஞ்சள் லைட் அணையவே இல்லை: நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் விட்டுவிட்டு வளைகோடு. இதையும் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. சிவப்பு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே ஏபிஎஸ் லைட்டும் எரிந்தால் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. மஞ்சள் வளைகோடு பேட் தேய்மானத்துக்கானது.

பட்டறைக்காரர் அசரவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ண்ணா, ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுத்தி விட்டா லைட் போயிரும்” என்றார். போகும்தான். இந்த வகை பேடுக்குள் மெல்லிய ஒயர் ஒன்று போய்த் திரும்பி வருகிறது. பேட் ஒரு அளவுக்குக் கீழே தேய்ந்ததும் டிஸ்க் அதை அறுத்துவிடும். கரண்ட் தடைபட்டதும் லைட் எரியும். எனக்குப் போட்ட பேடில் அந்த ஒயரே இல்லை. முறுக்கி விட்டால், பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசும்வரை எல்லாம் நல்லபடி இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும். ஒயர் இல்லாத வண்டிகள் பலவற்றில் பேடிலேயே ஒரு சின்னத் தகடு இருக்கும், தேய்ந்ததும் டிஸ்க்கில் பட்டுக் கீச்சென்று கத்தும். கண்ணாடியை ஏற்றிப் பாட்டை அலறவிட்டால் அதுவும் கேட்காது என்பது வேறு விஷயம்.

கோயமுத்தூர் போய் ஒயரோடு வரும் பேட் வாங்கி வந்து மாட்டினோம். அப்போதும் லைட் அணையவில்லை! சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால், உள்ளே ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் மண்ணும் பிரேக் தூசியும் அப்பிக் காய்ந்திருந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் லைட் போயிற்று. ஒயரை அதற்கான கிளிப்பில் மாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள். தொங்கவிட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயரில் உரசி அறுந்துபோகும்.

அதற்கப்புறம் பல மாதம் தொந்தரவு இல்லை. மழை ஓய்ந்த சமயம் வால்பாறையிலிருந்து இறங்கினோம். அட்டகட்டி தாண்டியதும், வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு லைட் மினுக்கென்று வந்து போனது. “மெதுவாப் போ கண்ணு, லைட்டு எரியுதுல்ல” என்று மாமா கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. சமதளத்தில், டப்பாவுக்குள் லெவலைக் கவனிக்கும் மிதவை தப்பித்துக்கொள்ளும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை இறங்கி லைட்டைப் போட்டுவிடும்.

பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பப் போகும் ஆயில் டப்பாவில் குறையும். அதனால் லெவல் குறைந்தால் உடனே ஊற்றாமல், பேட் எவ்வளவு மிச்சம், சக்கரங்களின் உள்பக்கம் கசிவு உண்டா என்று பார்ப்பதுதான் முறை. தேய்ந்த பேடோடு நிரப்பி வைத்தால், புது பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் கசிவு இல்லை, பேடும் பாதிக்கு மேல் இருந்தது. பேட் மாற்றும்போது வழியாமலிருக்க பட்டறையில் சிரிஞ்ச் வைத்துக் கொஞ்சம் அதிகமாகவே உறிஞ்சியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டப்பா மூடியில் டாட் 4 என்று பிரேக் ஆயிலின் வகை போட்டிருந்தது. பழைய ஆயிலை முழுசாக எடுத்துவிட்டு அதே வகையில் புதுசு ஊற்றச் சொன்னேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டாட் 5 என்பது சிலிகான் ஆயில், இதோடு கலக்கவே கூடாது.

புது பேடைப் பற்றி: வீல் கப்பில் கருந்தூசி கொஞ்சம் அதிகம், ஈரமான காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குச் சத்தம் வரும். வேறு குறை இல்லை. ஒயரோடு வருவது விலை கூடத்தான், இருந்தாலும் அதையே வாங்குவேன். கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய பேடையும் எடுத்துப்போங்கள். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் ஒயர் வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.