இரைகிற றேடியோவும் உறைகிற வீடியோவும்: அனலொக்கா, டிஜிட்டலா?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரவில் மத்திய அலையில் தூரத்து நிலையம் ஏறும், இறங்கும், இரையும். பாதிச் சொல் போனாலும் மீதியை வைத்து அம்மம்மா செய்தியைச் சொல்லிவிடுவா. இன்று கனடாவிலிருந்து அக்கா வீடியோவில் கதைத்தால் முகம் அவ்வளவு வடிவாகத் தெரிகிறது. ஆனால் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் படம் உறைந்து, குரலும் அறுந்துவிடுகிறது. அந்த றேடியோ அனலொக், இந்த வீடியோ டிஜிட்டல்.

ரியூசனில் தந்த ரியூட்டைப் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைத் திரும்பவும் கொப்பி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அழுக்கு கூடும். அனலொக் அப்படித்தான். குரலின் அலைவடிவமே கம்பியில் போகிறது. வழியில் சேரும் இரைச்சலும் அலைதான். இடையில் உள்ள பெருக்கி இரண்டையும் சேர்த்தே பெருக்கும். டிஜிட்டல் குரலை 0, 1 என்ற எண்களாக்கி அனுப்புகிறது. அது, அதே ரியூட்டை ஒருவர் பார்த்துக் கையால் எழுதுவது போல. மங்கிய 'க'வைக் கண்டால் புதிதாக ஒரு 'க' எழுதுவார். அழுக்கு அங்கேயே நின்றுவிடும். கனடா வரைக்குமான தூரத்துக்கு இதுதான் நல்ல வழி என்பேன்.

ஆனால் அதற்கும் விலை உண்டு. 1948இல் குளோட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கொள்ளளவு, அதாவது செக்கனுக்கு இத்தனை பிட் (0 அல்லது 1) என்ற எல்லை, இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அலைவரிசையின் அகலமும், இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு என்பதும் தெரிந்தால் போதும். பழைய தொலைபேசிக் கம்பியில் குரலுக்கு 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை இடம். சிக்னல் இரைச்சலைப்போல 1,000 மடங்கு என்றால் செக்கனுக்குச் சுமார் 31,000 பிட் கொள்ளும். அதே குரலை வழக்கமான முறையில் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் செக்கனுக்கு 64,000 பிட்! அனலொக் சும்மா போய்வந்த அந்த 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் இடத்துக்குள், சுருக்காத டிஜிட்டல் குரல் நுழையவே முடியாது.

அனுப்பும் வேகம் கொள்ளளவுக்குக் கீழே நின்றால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம். மேலே போனால் முடியாது. சிக்னல் குறையக் கொள்ளளவும் குறைகிறது. வேகம் கொள்ளளவைத் தாண்டும் கோட்டில்தான் அக்காவின் முகம் உறைகிறது.

அப்படியென்றால் நலிந்த சிக்னலுக்கு அனலொக்தான் நல்லதா? நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாசாவின் வோயேஜர் 1 விண்கலம் செக்கனுக்கு 160 பிட் என்ற வேகத்தில், 2,000 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து டிஜிட்டலில்தான் கதைக்கிறது. வேகத்தைக் குறைத்தால் கோடும் கீழே இறங்கும், இன்னும் நலிந்த சிக்னலும் போதும். அந்தக் கோடு எங்கே என்பதைப் பொறியியலாளர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். அனலொக்கில் அதைத் தீர்மானிப்பது, அந்த நேரத்தில் கேட்கிற காது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

அதனால் கதைக்க டிஜிட்டல், சரி. கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் வீட்டில் ஒரு பற்றரி றேடியோவும் வைத்திருக்கிறேன்.