பூட்டிய ஃப்ளாட்: வால்வை மூடுவதா, சாவியைக் கொடுப்பதா?

பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வெளிநாடு போகும்போது சென்னை ஃப்ளாட்டின் தண்ணீர் இணைப்பை என்ன செய்வது? ஒன்று, அதை அப்படியே விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி நம்பகமானவரிடம் சாவியைக் கொடுப்பது. அல்லது வால்வை மூடி, குழாயில் நிற்பதை வடித்துவிட்டுப் பூட்டுவது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். இனியும் அதையே செய்வோம்.

சாவி கொடுப்பதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் திறக்கும், தூசி போகும், தபால் பத்திரமாக இருக்கும். ஆனால் ஒரு குழாய் விட்டுக்கொண்டால், வாரத்தில் மீதி ஆறு நாளும் பார்ப்பது யார்? என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். தனி வீட்டில் மேல்தொட்டி காலியானால் ஒழுக்கு நிற்கும். அடுக்குமாடியில் தொட்டி பொது. அது குறையக் குறைய மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கொள்ளாத தண்ணீர். குளியலறை என்றாலாவது தரையிலுள்ள வடிகால் ஜாலி வழியே போய்விடும். சமையலறை சிங்க்கின் அடியில் அதற்கு ஏது வழி?

எங்கள் மேல்வீட்டில் அதுதான் நடந்தது. பூட்டிய வீடு, சிங்க்கின் அடியிலிருந்த இணைப்பு ஹோஸின் நட்டு விரிந்துவிட்டது. எங்கள் சமையலறைக் கூரையில் முதலில் தட்டு அளவுக்கு ஈரம். மறுநாள் பெயின்ட் உப்பி, ட்யூப்லைட் பட்டியின் திருகு வழியே தண்ணீர் சொட்டியது. சாவி வைத்திருந்த உறவினர் தாம்பரத்திலிருந்து வந்து திறந்தபோது, அவர்களுடைய அலமாரிகளின் அடிப்பலகை ஊறி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. வால்வை மூடியிருந்தால் குழாய்க்குள் நின்ற சில லிட்டரோடு போயிருக்கும்.

மகள் இருக்கும் சிகாகோவிலும் காலி வீட்டுக்காரர்களுக்கு இதே கேள்விதான், காரணம்தான் வேறு. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, குழாய் வெடிக்கிறது. பனி உருகும்போது வீடெல்லாம் வெள்ளம். ஹீட்டரை 13 டிகிரி செல்சியஸில் ஓடவிட்டுப் போகிறவர்கள் அங்கே உண்டு. ஆனால் ஹீட்டர் நின்றுபோனால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. தண்ணீரை முழுதாக வடித்துவிட்டவர்கள் எதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் உப்புத் தண்ணீர் அரித்த நட்டும் காய்ந்து இறுகிய வாஷரும் அங்கே பனி செய்யும் வேலையைச் செய்கின்றன.

வால்வை மூடுவதிலும் கவனம் வேண்டும். பல அடுக்குமாடிகளில் மொட்டைமாடி வால்வு கீழே உள்ள எல்லா வீடுகளுக்கும் பொது. அதைத் தொடக் கூடாது. வீட்டுக்குள் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று இருப்பவற்றைத் தேடி மூட வேண்டும். போர்வெல் தண்ணீர் ஓடும் பழைய கேட் வால்வில் உப்பு படிந்திருந்தால் முழுதாக மூடாது. மூடிவிட்டுக் குழாயைத் திறந்து வையுங்கள். அரை மணி கழித்தும் சொட்டினால் பிளம்பரை அழைத்து பால் வால்வு (ball valve) போட்டுவிடுங்கள். கீசர் சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும்.

வால்வு மழையைத் தடுக்காது. பால்கனி வடிகாலை இலை அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை கதவடியில் புகுந்து ஹாலுக்கு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூட்டுவதாக இருந்தால் வால்வையும் மூடுங்கள், சாவியையும் கொடுங்கள். ஜாலியின் கீழே நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வரும். கிளம்பும்போது ஒரு வாளி ஊற்றி, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டால் வற்றத் தாமதமாகும். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது சில மாதங்கள்தான். ஆண்டுக்கணக்கில் பூட்டுகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வந்ததும் வால்வை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். ஒரு குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வால்வை மெல்லத் திருப்புங்கள். காற்றும் கலங்கல் தண்ணீரும் வெளியேறிய பிறகு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரம் பாருங்கள். கீசரை அதற்குப் பிறகு போடலாம்.