கோடு போட இடமில்லாத அடையாள அட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அடையாள அட்டையை நகலெடுக்கப் போனால், கடைக்கார அக்கா தாளோடு சேர்த்துப் பேனாவையும் நீட்டிவிடுவார். நகலின் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறோம் என்று நடுவில் எழுதி, 'மட்டும்' என்று முடிக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் படிவம் நிரப்பிய காலத்திலிருந்து என் தாயார் விடாமல் செய்துவரும் வழக்கம் அது. அவருடைய பெயரில்தான் ஐந்து மாதங்களுக்கு முன் கைப்பேசி வழியே பணம் கட்டும் ஒரு மின்பணப்பைக் கணக்கைத் திறந்தேன். மின்சாரம், தண்ணீர், கைப்பேசி ஆகியவற்றின் கட்டணங்களைக் கட்டும் வேலையை அந்தச் சேவை பழுதின்றிச் செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மைப் பற்றிய தகவல்களை அது எப்படி வாங்குகிறது, வாங்கியதை என்ன செய்கிறது என்பதே இங்கே என் பேச்சு.

பதிவின்போது அட்டையின் இரு பக்கங்களையும், பிறகு முகத்தையும் படமெடுக்கச் சொல்கிறது. தாயாரின் பிடிவாதத்துக்காக, கோடு போட்ட ஒரு கண்ணாடித்தாளை அட்டையின்மேல் வைத்து எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் படம் தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டது. இயந்திரம் எழுத்துகளைப் படித்தாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததைப் பார்த்த நாட்டில், அந்தப் படம் எந்தக் காரியத்துக்கு 'மட்டும்' என்று திரையில் ஒரு வரி எழுதுவது பெரிய வேலையல்ல.

தனியுரிமை அறிக்கை, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறபடி, மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்த தாயாருக்கு அதை நான் வாசித்துத் தமிழில் சொல்லி முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. தகவல்களை 'வணிகப் பங்காளிகளோடு' பகிரலாம் என்ற இடம் வந்ததும், "பங்காளின்னா சொத்துல பங்கு கேக்கிறவன்தானய்யா, அவன் யாரு?" என்று கேட்டார். பதினொரு பக்கங்களைப் புரட்டியும் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மிகப் பெரிய தவறு நான் செய்ததுதான். முதன்முதலாகப் பணம் அனுப்பும்போது, கைப்பேசியில் சேமித்துள்ள எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதங்கள் கழித்து, எங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைத் தாயாரின் பெயரில் எழுத்துமூலம் கேட்டோம். சட்டம் 21 நாள் அவகாசம் கொடுக்கிறது. பதினேழாம் நாளே, கட்டணம் எதுவும் வாங்காமல், கடவுச்சொல் போட்ட கோப்பாக அனுப்பிவிட்டார்கள். இதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோப்பைத் திறந்ததும் பாராட்டும் மனம் போய்விட்டது. 'மீன் லோரி', 'கோயில் பூசாரி', 'பழைய கிராணி மகள்' என்று தாயார் தம் வசதிக்காக வைத்த பெயர்களோடு 131 பேரின் எண்கள் அதில் வரிசையாக இருந்தன. அவர்களில் ஒருவர்கூட இந்தச் சேவைக்குச் சம்மதம் கொடுத்தவரில்லை. அவர்களுக்காகச் சம்மதம் கொடுக்க எனக்கும் உரிமையில்லை. அதே பட்டியலின் நடுவில் 'டயாலிசிஸ் வேன்' என்று ஓர் எண் இருந்தது. தாயாரின் சிறுநீரகக் கோளாற்றை நாங்கள் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. உடல்நலம் பற்றிய விவரத்தைச் சட்டம் கூடுதல் பாதுகாப்புக்குரிய உணர்வுசார் (sensitive) தரவாக வகைப்படுத்தி, அதற்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. இங்கோ ஒரு வேனின் பெயர் வழியாக அது ஓசையில்லாமல் உள்ளே போய்விட்டது.

அந்த எண்களை அழிக்கச் சொல்லி எழுதியதற்கு முதலில் வந்தது எல்லோருக்கும் அனுப்பும் அச்சடித்த பதில். சட்டத்தைச் சுட்டி மறுபடியும் எழுதிய பிறகு, ஒன்பது நாளில் அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. விளம்பரச் செய்திகளும் நின்றன. கணக்கை மூடினாலும் அட்டைப் படத்தை ஆறு ஆண்டுகள் வைத்திருப்போம் என்கிறார்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் அப்படிக் கேட்பதால் அதில் எனக்குச் சண்டையில்லை. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும், பெருந்தீங்கு நேரக்கூடுமானால் அடுத்த ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. இவர்களுடைய தனியுரிமை அறிக்கையோ இன்னும் 2023ஆம் ஆண்டுத் தேதியோடுதான் நிற்கிறது.

கணக்கை நாங்கள் மூடவில்லை. கட்டணம் கட்ட மட்டும், ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வைக்காமல் பயன்படுத்துகிறோம். புதிதாகத் திறப்பவர்கள் எண்களைப் பார்க்கும் அனுமதியை மறுத்துவிட்டு, வேண்டிய எண்ணைக் கையாலேயே தட்டலாம். பணம் தடையின்றிப் போகிறது. தாயார் அந்த எண்ணை இப்போது வெறும் 'வேன்' என்று மாற்றிவைத்திருக்கிறார்.