கிரைய ஒப்பந்தத்தைக் கிரையப் பத்திரம் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

வீடு வாங்குகிறவர்கள் விலையில் முக்கால்வாசியைக் கொடுத்து, சாவியும் வாங்கிக் குடியேறிவிடுவார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், அதே வீட்டை உரிமையாளர் இன்னொருவருக்குக் கிரையம் செய்து பதிந்திருப்பார். ஏமாந்தவர் கையிலும் முத்திரைத்தாள், கையெழுத்து, சாட்சி எல்லாம் இருக்கும். ஆனால் அது கிரைய ஒப்பந்தம். தரகர் இரண்டையுமே ‘பத்திரம்’ என்று சொல்லியிருப்பார். ஏமாற்றே அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

கிரையப் பத்திரம் பதிவானால் சொத்து கைமாறுகிறது. ஒப்பந்தம் என்பது பின்னால் எழுதித் தருகிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே. அது தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. கூடவே ‘பவர்’ (உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்கினாலும் உரிமை மாறாது. 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. குடியிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம். ஒப்பந்தத்தை நம்பிக் குடியேறியவரை விற்பவர் வெளியேற்றாமல் தடுக்கும், அதே சட்டத்தின் 53ஏ பிரிவின் பாதுகாப்பு, 2001 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்த ஒப்பந்தத்துக்குத்தான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். செலவுக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக வைத்துக் கிரையம் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஒப்பந்தம், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. விவரம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, பணம் கொடுத்து வாங்கிய அடுத்தவர் மீது அந்த வழக்கு செல்லாது. பதிந்திருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல வழியில்லை.

இன்னொரு பொறி காலக்கெடு. ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தேதி குறிக்கவில்லை என்றால், விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று இழுத்தடிக்கிறவர் இந்தக் கணக்குத் தெரிந்தவராகவே இருக்கலாம். இழுக்கத் தொடங்கியதுமே, பாக்கித் தொகையோடு தயாராக இருப்பதாக வழக்கறிஞர் மூலம் பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். தொகை கையில் இருந்ததற்கு வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்காவிட்டால் வழக்கு தோற்கும். மனுவில் கிரையம் மட்டும் கேட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க மறப்பதும் நடக்கிறது. கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது.