கார்டு கிரேடிங்: மூன்று வருடம் அனுப்பிப் பார்த்த பிறகு

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் கோப்பிக் கடையில், கூட வேலை செய்யும் தம்பி போனை நீட்டி, "அண்ணே, இந்தக் கார்டைக் கிரேடிங்குக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். கார்டின் நிலையைப் பார்த்து பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவதுதான் கிரேடிங். அவர் காட்டியது கால்பந்து வீரர் சாலாவின் கார்டு, 2019-20 பிரிசம் வரிசை, சில்வர் வகை. நான் வைத்திருக்கும் அதே கார்டு. தே ஓ வாய்க்குப் போவதற்கு முன்பே "அனுப்பாதே" என்று வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் ஸ்லாப்களை எண்ணினால் பதினேழு இருக்கிறது, அதனால் நியாயமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நல்லது. நம் ஊர் ஈரத்தில் குரோம் வகைக் கார்டுகள், அதாவது பளபளப்புப் பூச்சு உள்ளவை, அப்பளம் மாதிரி வளையும். டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் ஆறு மாதத்தில் ஒரு வளைவு வந்துவிடும். என் வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் இரவில் மட்டும்தான், பகலெல்லாம் ஜன்னல் திறந்தே கிடக்கும். ஸ்லாபில் இருப்பவை மூன்று வருடமாகத் தட்டையாகவே இருக்கின்றன. காற்றுப் புகாத பெட்டி ஒன்றும் இல்லை அது, ஆனாலும் அசையாமல் பிடித்து வைக்கிறது. விற்கும்போதும் நிம்மதி, வாங்க வருபவர் கார்னர் தேய்ந்திருக்கிறது என்று இழுக்க முடியாது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, இன்றும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, இப்போது அந்த சாலாவுக்கு வருகிறேன். வாங்கியது 70 சிங்கப்பூர் வெள்ளி. கட்டணம், இங்கே கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் ஏஜென்டின் கூலி, போக வர ஷிப்பிங் எல்லாம் சேர்த்து 48. பத்து வந்திருந்தால் முந்நூறைத் தொட்டிருக்கும். வந்தது ஒன்பது, கிடைத்த ஆஃபர் 80. கிரேடிங்கின் கணக்கே இவ்வளவுதான், புதுக் கார்டுகளில் பெரும்பாலும் பத்து மட்டும்தான் காசு, ஒன்பது என்றால் பிளாஸ்டிக் பெட்டிக்கு நாம் கட்டிய விலை.

ஏன் ஒன்பது? அதைத்தான் சொல்ல மாட்டார்கள். பெக்கெட் என்ற கிரேடிங் நிறுவனத்தில் சென்டரிங் (படம் நடுவில் இருக்கிறதா என்பது), கார்னர், விளிம்பு, சர்ஃபேஸ் என்று தனித்தனி மதிப்பெண் வாங்க வழி உண்டு. நான் அனுப்பிய இடத்தில் ஒரே ஓர் எண், அதோடு சரி. நகைக்கடை லென்ஸை வைத்து அரைமணி நேரம் தேடினேன். பின்பக்கம், கீழ் இடது மூலையில், ஊசி முனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சரியாக அந்த மூலையில்தான் ஸ்லீவ் என்ற மெல்லிய உறை மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கிறது! அது முன்பே இருந்ததா, ஏஜென்ட் கையில் பட்டதா, அங்கே மேசையில் இடித்ததா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டேன், பொதுவான பதில் ஒன்று வந்தது. இப்போதெல்லாம் நாலு மூலையையும் ஸ்லீவ் இல்லாமல் தனித்தனியாகப் படம் எடுத்த பிறகுதான் அனுப்புகிறேன்.

கோபத்தை ஓரம் வைத்தாலும் இந்தத் தொழிலின் அமைப்பே கொஞ்சம் கோணல். மதிப்பெண் போடுபவருக்குக் காசு கொடுப்பது கார்டின் சொந்தக்காரர். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனத்தில் கார்டின் மதிப்பு நாம் எடுத்த கட்டணப் பிரிவின் வரம்பைத் தாண்டினால் மேல் கட்டணம் கேட்பார்கள், அதாவது நல்ல எண் விழுந்தால் அவர்களுக்கும் வரவு. கட்டணத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதினால், வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும். ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பினால் இன்னொரு கட்டணம். அளவுகோலும் நகர்கிறது, பிஎஸ்ஏ பத்துக்கு முன்பக்க சென்டரிங், அதாவது எதிரெதிர் பார்டர்களின் விகிதம், 60/40 வரை போதும் என்றிருந்தது, 2025இல் 55/45 ஆக்கிவிட்டார்கள். பழைய பத்தும் புதிய பத்தும் எண்ணில் ஒன்றுதான், லேபிளைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

இதெல்லாம் புதிதும் இல்லை. 1991இல் பிஎஸ்ஏ முதன்முதலாகக் கிரேடு செய்தது பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் பழைய டி206 வரிசைக் கார்டு, கொடுத்தது எட்டு. 2007இல் அது 28 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. முன்பு அதை விற்ற பில் மாஸ்ட்ரோ, தானே விளிம்பை வெட்டியதாக 2013இல் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு எண்ணே கொடுக்கக் கூடாது என்பது விதி. முதல் கார்டிலேயே இப்படி.

தம்பியிடம் சொன்னதில் மாற்றம் இல்லை, அவருடைய கார்டின் இடது பார்டர் படத்திலேயே ஒடுங்கித் தெரிகிறது, அனுப்ப வேண்டாம். நான் அந்த ஒன்பதை உடைத்து, அடுத்த மாதம் ஏஜென்ட் அனுப்பும் கட்டோடு மறுபடி அனுப்பப் போகிறேன், தட்டை ஸ்குரூடிரைவர் எடுத்து வைத்தாயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை.