பைத்தான் 3 வழியா, ரஸ்ட் எடிஷன் வழியா?

தான் உருவாக்கிய புரோகிராமிங் மொழியின் பழைய சின்டாக்ஸை (எழுதும் இலக்கணத்தை) ஒரேயடியாகக் கைவிடலாமா என்று தயங்குபவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள்.

ஏன் மாற்றினார்கள்?
பைத்தான் 3 (2008): அடித்தளமே சரியில்லை. பைத்தான் 2-இல் 3/2 என்றால் 1. யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் ‘தமிழ்’ என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்றது, பைட்டை எண்ணி. பைத்தான் 3 சொல்வது 5, யூனிகோட் குறியீடுகளை எண்ணி. (எழுத்து மூன்றுதான், அது வேறு பஞ்சாயத்து!)
ரஸ்ட் 2018 எடிஷன் (மொழி விதிகளின் ஒரு பதிப்பு, வேண்டியவர் தேர்ந்தெடுக்கலாம்): ‘அசிங்க்’ போன்ற புதிய கீவேர்டுகளுக்கு (மொழி தனக்கென ஒதுக்கும் சொற்களுக்கு) இடம் வேண்டியிருந்தது.

செலவு?
பைத்தான்: பழைய கோடு பெரும்பாலும் திருத்தாமல் ஓடாது. பைத்தான் 2-ஐ முழுக்கக் கைவிட 2020 ஆகிவிட்டது.
ரஸ்ட்: கார்கோ (ரஸ்டின் பில்ட் கருவி) கோப்பில் எடிஷனைச் சொல்லும் ஒரு வரி. பழைய, புதிய எடிஷன் கிரேட்டுகள் (ரஸ்ட் கோடு தொகுப்புகள்) ஒரே புரோகிராமில் சேரும். சுமையெல்லாம் கம்பைலர் எழுதுபவர் தலையில்.

கீவேர்டு, இலக்கணம் மட்டும் மாறினால் ரஸ்ட் வழியே போதும். ஸ்ட்ரிங் என்றால் என்ன என்பதே மாறுகிறதா? பைத்தான்போல உடைத்துத்தான் ஆகவேண்டும். பல வருடம் இரண்டு பதிப்பையும் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும்.